இயல் 6: மங்கலை அளந்து அறிதல்

ஓடும் லாரியைக் கைபேசியில் படமெடுத்தால் அதன் பக்கப்பலகை எழுத்துகள் இழுபட்டுத் தெரியும். இருட்டான மண்டபத்தில் கல்வெட்டைப் படமெடுக்கும்போது கை சற்று நடுங்கினால் எழுத்தின் ஓரங்கள் கரைந்துபோகும். இப்படிப்பட்ட படங்களைப் பலர் உடனே அழித்துவிடுகிறார்கள். சிலர் கூர்மையாக்கும் செயலி ஒன்றில் போட்டு, அது தரும் படத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் முன்பு செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: மங்கலை அளப்பது.

ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் பொருளோ கேமராவோ எந்தத் திசையில், எத்தனை பிக்சல் தூரம் நகர்ந்தது என்பது மங்கலிலேயே பதிந்திருக்கிறது. ஃபூரியர் உருமாற்றம் அந்தப் பதிவைப் படிக்க உதவுகிறது. எந்த விவரம் மீளும், எந்த விவரம் மீளவே மீளாது என்பதையும் அதே அளவீடு சொல்லிவிடும். இந்த இரண்டாவது பயன்தான் பெரியது. அளக்காமல் திருத்திய படத்தில் இருந்தது எது, செயலி சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

எங்கெல்லாம் தேவைப்படும்

இந்த இயலின் எடுத்துக்காட்டுகள் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. முதலாவது, தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவிலுள்ள தொப்பூர் கணவாய். நீண்ட இறக்கமும் வளைவுகளும் கொண்ட இந்தச் சாலையில் சரக்கு லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகள் மீது மோதுவது பல ஆண்டுத் துயரம். 2024 ஜனவரியில் பல வண்டிகள் மோதித் தீப்பற்றி உயிர்கள் பறிபோன விபத்தின் கண்காணிப்பு கேமராக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. இத்தகைய காட்சிகளில் வண்டி என்ன வேகத்தில் வந்தது என்பதே முதல் கேள்வியாக எழும்.

இரண்டாவது, நடுகற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் பல்லவர் காலம் தொட்டு வட்டெழுத்துப் பொறித்த வீரக்கற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. வயல் வரப்பிலும் புதர் நிழலிலும் அகழ்வைப்பகத்தின் குறைந்த வெளிச்சத்திலும் இவற்றைப் படமெடுக்கும் மாணவர்களும் ஆர்வலர்களும் கைநடுக்க மங்கலைத் தவிர்ப்பது கடினம்.

கணக்கின் அடிப்படை

வெப்பம் திடப்பொருளில் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் ஃபூரியர், எந்த வடிவத்தையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்ற கருத்தை 1807-இல் முன்வைத்தார். 1822-இல் நூலாக வெளியிட்டார். படத்துக்கும் இது பொருந்தும். ஒரு படத்தை வெவ்வேறு அகலமும் திசையும் கொண்ட வெளிச்ச-இருள் பட்டைகளின் கூட்டாகப் பிரிக்கலாம். எந்தப் பட்டை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைப் புள்ளிகளாக வரைந்தால் கிடைப்பது அதிர்வெண் படம். அகலமான பட்டைகள் அதன் நடுவிலும், நெருக்கமான பட்டைகள் ஓரங்களிலும் அமையும். 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவுக் கணக்குமுறையால் இந்த வேலை இன்று சாதாரண மடிக்கணினியிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது.

இப்போது மங்கலுக்கு வருவோம். பொருள் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் 10 பிக்சல் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்தடுத்த 10 புள்ளிகளின் சராசரியாகிவிடும். அந்தத் திசையில் 10 பிக்சலுக்கு ஒருமுறை திரும்பும் பட்டை ஒன்று மூலத்தில் இருந்தால், அதன் வெளிச்சப் பாதியும் இருள் பாதியும் சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்து, பட்டையே இல்லாமல் போகும். 5 பிக்சலுக்கு ஒருமுறை, 10-இல் மூன்றில் ஒரு பங்குக்கு ஒருமுறை, 2.5 பிக்சலுக்கு ஒருமுறை திரும்பும் பட்டைகளுக்கும் இதே கதி. மற்றவை வலு குறைந்து தப்பிக்கும். மங்கல் ஒரு சல்லடை. அதன் கண்களின் அளவு மங்கலின் நீளத்தைப் பொறுத்தது.

முற்றிலும் அழிந்த பட்டைகள் அதிர்வெண் படத்தில் சம இடைவெளியுள்ள கருங்கோடுகளாகத் தெரியும். அக்கோடுகள் நகர்ந்த திசைக்குச் செங்குத்தாக நிற்கும். மங்கல் நீள நீளக் கோடுகள் நெருங்கும். நாம் பயன்படுத்தும் சூத்திரம் இவ்வளவுதான்:

மங்கல் நீளம் (பிக்சலில்) = உருமாற்றுவதற்காகப் படத்திலிருந்து வெட்டிய சதுரத்தின் பக்கம் (பிக்சலில்) ÷ அடுத்தடுத்த கருங்கோடுகளின் இடைவெளி

நடுவிலுள்ள வெளிச்சப் பட்டை மட்டும் மற்றவற்றைப்போல் இருமடங்கு அகலமாக இருக்கும். நடுப்புள்ளியில் கருங்கோடு விழாது என்பதே காரணம். ஆகவே நடுப்பட்டையின் முழு அகலத்தை ஓர் இடைவெளியாகக் கணக்கிட்டால் விடை பாதியாகிவிடும்.

தேவையானவை

• அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் உருவான இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பைத்தான் மொழியை வைத்தே எல்லாம் செய்யலாம்.

• கேமராவிலிருந்து நேரடியாக எடுத்த மூலக் கோப்பு. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படும். ஷட்டர் நேரம் முதலான உள்விவரங்களும் நீங்கிவிடும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

• படத்தில் நிஜ அளவு தெரிந்த ஒரு பொருள். வேகத்தைக் கணக்கிட இது கட்டாயம்.

படிப்படியாக

1. மூலக் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டுமே வேலை செய்யுங்கள்.

2. நகர்ந்த பொருள் மட்டுமே அடங்கும்படி ஒரு சதுரம் வெட்டுங்கள். 512 அல்லது 256 பிக்சல் பக்கம் வசதி. பின்னாலிருக்கும் மலையோ சாலைத் தடுப்போ உள்ளே வந்தால், மங்காத அந்தப் பகுதி கருங்கோடுகளை நிரப்பி மறைத்துவிடும். நீள்சதுரம் வெட்டாதீர்கள், அதிர்வெண் படத்தில் கோணம் பிறழும். எழுத்து, கீறல், தார்ப்பாய் மடிப்பு என விவரம் நிறைந்த இடமே நல்லது. வெறும் வண்ணப்பூச்சில் அளக்க ஒன்றும் இருக்காது.

3. படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கி, 32-பிட் வகைக்கு மாற்றி, காமா 2.2 கொடுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்க கேமரா வெளிச்ச அளவுகளை வளைத்துப் பதிகிறது. மங்கல் நிகழ்ந்தது வளைக்காத வெளிச்சத்தில். அந்த நிலைக்குத் திரும்பினால்தான் சராசரிக் கணக்கு பொருந்தும்.

4. இமேஜ்ஜேயில் 'புராசஸ்' பட்டியலில் 'எஃப்எஃப்டி' என்பதை இயக்குங்கள். பைத்தானில் செய்வோர், சதுரத்தின் ஓரங்கள் மெல்ல மறையும்படி 'ஹான்' சாளரத்தால் பெருக்கிவிட்டு உருமாற்றம் செய்து, மடக்கை எடுத்துப் பாருங்கள். சாளரம் இல்லாவிட்டால் நடுவில் பளிச்சென்று ஒரு சிலுவை தோன்றும். அது வெட்டிய ஓரத்தால் வந்தது, படத்தில் உள்ளதன்று.

5. நடுப்புள்ளியிலிருந்து கருங்கோட்டுக்குச் செங்குத்தாகப் போய், முதல் கோட்டின் மீது சுட்டியை வையுங்கள். இமேஜ்ஜே கீழ்ப்பட்டையில் இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று, ஓர் அலைக்கு எத்தனை பிக்சல் என்பது. அதுவே மங்கல் நீளம். மற்றொன்று கோணம், அதுவே நகர்ந்த திசை. திசையின் இரு முனைகளில் எது தொடக்கம், எது முடிவு என்பதை இந்த முறை சொல்லாது.

6. ஒரே கோட்டை நம்பாமல், இடக்கோடியில் தெளிவாகத் தெரியும் கோட்டிலிருந்து வலக்கோடிக் கோடு வரை அளந்து இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். நடுப்பட்டையை இரண்டு இடைவெளியாக எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டு 1: இறக்கத்தில் ஒரு லாரி

எண்கள் கணக்குப் பயிற்சிக்காக அமைத்தவை. சாலைக்கு நேர் பக்கவாட்டில் பாதுகாப்பான இடத்திலிருந்து எடுத்த படம். ஷட்டர் நேரம் நொடியில் 100-இல் ஒரு பங்கு. லாரியின் பக்கப்பலகையில் 512 பிக்சல் சதுரம் வெட்டியாயிற்று. நடுவுக்கு இடப்புறம் நான்காவது கோட்டிலிருந்து வலப்புறம் நான்காவது கோடு வரை 410 பிக்சல். நடுவில் 8 இடைவெளிகள். ஆக ஓர் இடைவெளி ஏறத்தாழ 51.2 பிக்சல். 512-ஐ 51.2-ஆல் வகுத்தால் மங்கல் நீளம் 10 பிக்சல்.

இனி பிக்சலை நிஜ அளவாக்க வேண்டும். இங்கே லாரி டயர் கைகொடுக்கும். சரக்கு லாரிகளில் பரவலான 10.00-20 அளவு டயரின் உயரம் சுமார் 1.05 மீட்டர். டயரின் அகலவாட்டம் மங்கலால் நீண்டிருக்கும். ஆனால் கிடைமட்ட நகர்வு செங்குத்து உயரத்தைத் தொடுவதில்லை. எனவே மங்கிய படத்திலும் உயரத்தை நம்பி அளக்கலாம். படத்தில் டயரின் உயரம் 70 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் 15 மி.மீ. அப்படியானால் 10 பிக்சல் என்பது 15 செ.மீ. நொடியின் 100-இல் ஒரு பங்கில் 15 செ.மீ. நகர்ந்த வண்டி, நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போயிருக்கிறது.

பிழையையும் சேர்த்தே எழுதுங்கள். டயர் உயரத்தில் ஒரு பிக்சல் தவறினால் வேகம் 1.4 விழுக்காடு மாறும். கேமரா நேர் பக்கவாட்டில் இல்லாமல் 20 பாகை சாய்ந்திருந்தால் நகர்வு சுருங்கித் தெரிந்து, வேகம் 6 விழுக்காடு குறைவாக வரும். டயரும் வெட்டிய சதுரமும் லாரியின் ஒரே பக்கத்தில், கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்கவேண்டும். ஒரே ஒரு மங்கிய படத்திலிருந்து வாகன வேகத்தைக் கணிக்கும் முறையைத் தைவான் ஆய்வாளர்கள் 2008-இல் விரிவாக வெளியிட்டிருக்கிறார்கள். நாம் செய்ததும் அடிப்படையில் அதே தர்க்கம்தான்.

கண்காணிப்பு கேமராக் காட்சி என்றால்

சிசிடிவி காட்சியில் ஷட்டர் நேரம் பெரும்பாலும் தெரியாது. அதனால் மங்கலை மட்டும் வைத்து வேகம் சொல்லக்கூடாது. அடுத்தடுத்த இரு சட்டகங்களில் வண்டி எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். நொடிக்கு 25 சட்டகம் என்றால் இடைவெளி 40 மில்லிநொடி. அந்த நேரத்தில் வண்டி 40 பிக்சல் நகர்ந்திருக்க, மங்கல் 10 பிக்சல் என்று ஃபூரியர் சொன்னால், ஷட்டர் 10 மில்லிநொடி திறந்திருந்தது என்று பொருள். இதே கணக்கை வெவ்வேறு வண்டிகளுக்குச் செய்து பாருங்கள். ஒரே வெளிச்சத்தில் ஷட்டர் நேரம் ஒன்றாகவே வந்தால் உங்கள் அளவீடு உறுதிப்படுகிறது. மாறிமாறி வந்தால், சட்டகங்கள் விடுபட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

எண்பலகையைப் படிக்க முயல்வோருக்கு ஒரு கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார், லாரி முதலியவற்றின் எண்பலகை எழுத்துகள் 65 மி.மீ. உயரம், கோட்டுத் தடிமன் 10 மி.மீ., எழுத்துக்கிடை 10 மி.மீ. தடிமனும் இடைவெளியும் சேர்ந்து 20 மி.மீ. ஆகவே பலகையின் மீது மங்கல் 20 மி.மீ. நீளத்தை நெருங்கினால், செங்குத்துக் கோடுகளைப் பிரித்துக் காட்டும் விவரம் சரியாகச் சல்லடையில் நின்றுவிடும். 'டிஎன் 29' என்ற தருமபுரிப் பதிவெண்ணின் தொடக்கம் பழக்கத்தால் புரிவதுபோல் தோன்றும். பின்வரும் இலக்கம் 8-ஆ 3-ஆ என்று ஊகிக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை. தவறான ஓர் இலக்கம் சம்பந்தமில்லாத ஒருவரைக் காவல் நிலையத்தில் நிறுத்திவிடும்.

எடுத்துக்காட்டு 2: அகழ்வைப்பகத்தில் ஒரு நடுகல்

ஒளி குறைந்த கூடத்தில் நொடியின் 8-இல் ஒரு பங்கு ஷட்டர் நேரத்தில் கையில் பிடித்து எடுத்த படம். 512 பிக்சல் சதுரத்தில் கருங்கோடுகள் ஏறக்குறையக் கிடையாகத் தெரிகின்றன, இமேஜ்ஜே 6.4 பிக்சல், 84 பாகை என்று காட்டுகிறது. ஷட்டரை அழுத்தியபோது கேமரா மேலும் கீழுமாக அசைந்திருக்கிறது. ஒரு பிக்சல் கல்லில் அரை மி.மீ. என்றால் மங்கல் 3.2 மி.மீ. ஆகவே ஒன்றன்கீழ் ஒன்றாக 3.2 மி.மீ. இடைவெளியில் தொடரும் கீறல்கள் இந்தப் படத்தில் தெரியவே தெரியா.

இதிலிருந்து வரும் விதி முக்கியமானது: படத்தில் கோடு இல்லை என்பதை வைத்துக் கல்லில் கோடு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வட்டெழுத்தில் ஒரு வளைவு கூடினாலும் குறைந்தாலும் எழுத்து மாறும், வீரனின் பெயர் மாறும், ஆட்சியாண்டே மாறும். நடுகல் இடத்தைவிட்டு நகர்வதில்லை என்பதால் திரும்பப் போய் முக்காலியில் கேமராவை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழும்படி மறுபடி எடுப்பதே சரி. களவுபோன கல், சாலை வேலையில் உடைந்த கல், பழைய படம் மட்டும் எஞ்சிய கல் ஆகியவற்றுக்கே கணக்கால் மீட்கும் முயற்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடுகள் தெரியாதபோது

*கோடுகள் மங்கலாக, விட்டுவிட்டுத் தெரிந்தால்:* படத்தின் சொந்த விவரம் குறுக்கிடுகிறது. பொருளின் மேல் பல சதுரங்களை ஒன்றோடொன்று சற்று மேற்படியும்படி வெட்டி, ஒவ்வொன்றின் மடக்கை அதிர்வெண் படத்தையும் எடுத்துச் சராசரி காணுங்கள். விவரம் இடத்துக்கு இடம் மாறுவதால் சமனாகிவிடும். மங்கல் எங்கும் ஒன்றே என்பதால் கோடு எழுந்து நிற்கும். அந்தச் சராசரியை இன்னொருமுறை உருமாற்றினால், நடுவிலிருந்து மங்கல் நீளத் தொலைவில் ஒரு கரும்புள்ளி தோன்றும். நிலநடுக்க எதிரொலிகளைப் பிரித்தறிய 1963-இல் பொகர்ட், ஹீலி, டூக்கி ஆகியோர் அமைத்த முறை இது.

*கோடுகளுக்குப் பதில் கருவளையங்கள் தெரிந்தால்:* அது நகர்வு மங்கலன்று, ஃபோகஸ் பிசகியது. முதல் வளையத்தின் ஆரத்தால் சதுரத்தின் பக்கத்தை வகுத்து 0.61-ஆல் பெருக்கினால் மங்கல் வட்டத்தின் ஆரம் கிடைக்கும்.

*கோடுகள் வளைந்தோ சிதைந்தோ இருந்தால்:* கை நேர்கோட்டில் அசையவில்லை. படத்தில் எங்காவது மினுக்கும் ஒளிப்புள்ளி இருந்தால் பாருங்கள். அது இழுத்த வடிவமே கை போன பாதை.

*மூலைக்கு மூலை வேறு விடை வந்தால்:* கேமரா சுழன்றிருக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசலிலிருந்து எடுத்த படங்கள் இதற்கு நல்ல சான்று. பரிசல் சுழலும்போது பாறையின் ஒவ்வொரு பகுதியும் வேறு நீளம், வேறு திசையில் இழுபடும். முழுப்படத்துக்கும் ஒரே மங்கல் என்று வைத்துச் செய்யும் எந்தத் திருத்தமும் இங்கே பயன்படாது.

*வெளிச்சப் புள்ளிகள் சம இடைவெளியில் தெரிந்தால்:* அது லாரியின் கம்பி அடைப்பு போன்ற திரும்பத் திரும்ப வரும் வடிவமாகவோ, ஜேபெக் சுருக்கம் படத்தை 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்ததன் தடமாகவோ இருக்கும். 512 சதுரத்தில் 64 பிக்சல் இடைவெளி வந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள். நாம் தேடுவது இருண்ட, தொடர்ந்த கோடுகளை மட்டுமே.

அளந்தபின் திருத்துதல்

நீளமும் கோணமும் கைக்கு வந்தபின் திருத்தம் எளிது. பைத்தானின் சைக்கிட்-இமேஜ் தொகுப்பில் இரண்டு முறைகள் ஆயத்தமாக உள்ளன. நார்பர்ட் வீனர் வகுத்த வடிப்பான், வலுக்குறைந்த பட்டைகளை உயர்த்தும். அழிந்துபோன இடங்களைத் தொடாமல் விடும். ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியே கண்ட முறை, படத்தைச் சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்பத் திருத்தும். 1990-இல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடிப் பிழையால் மங்கிய படங்களை, 1993-இல் அது செப்பனிடப்படும்வரை தெளிவாக்கக் கைகொடுத்த முறைகளில் இதுவும் ஒன்று. 10 முதல் 20 சுற்றுகளில் தொடங்குங்கள். அதற்குமேல் இரைச்சல் பெருகும்.

திருத்திய படத்தில் எழுத்தோரங்களுக்கு இணையாக அலையலையாகக் கோடுகள் தோன்றினால் மங்கல் நீளம் சற்றுப் பிசகியிருக்கலாம். அரை பிக்சல் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அலை மிகக் குறைவாகத் தெரியும் நீளமே பொருத்தமானது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று மங்கிய எழுத்தையும் பளிச்சென்று தருகின்றன. அழிந்த பட்டைகளின் இடத்தில் அவை வைப்பது, வேறு படங்களில் கற்ற வடிவங்கள். குடும்பப் படத்துக்கு அது போதும். எண்பலகைக்கும் கல்வெட்டுக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அறிக்கை எழுதும்போது

அளவீடு பிறர் கைக்குப் போகும் என்றால் இவற்றைக் குறிப்பிடுங்கள்: மூலக் கோப்பின் பெயர், சதுரம் வெட்டிய இடம், மங்கல் நீளம், கோணம், அளவுகோலாகக் கொண்ட பொருள், பிழை எல்லை, திருத்திய முறை, சுற்றுகளின் எண்ணிக்கை. நீதிமன்றம் வரை போகக்கூடிய படம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் இடம்பெற வேண்டும். ஆகவே படம் கைக்கு வந்தவுடன், எதையும் செய்வதற்குமுன், ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்துவையுங்கள்.

பயிற்சிகள்

1. நண்பர் ஒருவரை ஆளில்லாத மைதானத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லி, பக்கவாட்டில் நின்று நொடியின் 60-இல் ஒரு பங்கு ஷட்டர் நேரத்தில் படமெடுங்கள். நகர்வு சுமார் 13.9 செ.மீ. வரவேண்டும். நீங்கள் அளந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் முறையின் பிழை. கணவாய்ச் சாலையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ நின்று பயிற்சி செய்யாதீர்கள்.

2. அச்சிட்ட ஒரு பக்கத்தின் தெளிவான படத்தை எடுத்து, கணினியில் 12 பிக்சல் நீளத்துக்குச் செயற்கையாக மங்கலாக்குங்கள். 512 சதுரத்தில் கோட்டு இடைவெளி 42.7 பிக்சல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதே படத்தை ஜேபெக்காகப் பலமுறை சேமித்து, எந்தக் கட்டத்தில் கோடுகள் மறைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. அதே படத்தை வீனர் முறையிலும் ரிச்சர்ட்சன்–லூசி முறையிலும் திருத்தி, இரண்டிலும் ஒத்துவரும் எழுத்துகளை ஒரு பட்டியலாகவும் ஒத்துவராதவற்றை இன்னொரு பட்டியலாகவும் எழுதுங்கள். மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பட்டியலில் எத்தனை தவறு என்று எண்ணுங்கள். இனி எந்த மங்கிய படம் வந்தாலும் இரண்டு பட்டியல்களையும் சேர்த்தே கொடுங்கள். படிக்க முடிந்ததைச் சொல்வது போலவே, படிக்க முடியாததைச் சொல்வதும் உங்கள் வேலை.